கேள்வி–பதில்: வீட்டிலிருந்தே எழுதும் ஹேக்கிங் தேர்வு

நெட்வொர்க் பாதுகாப்பு வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி பேசும் ஓ.எஸ்.சி.பி. (அனுமதியோடு கணினிகளுக்குள் நுழைந்து ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் திறமைக்கான சான்றிதழ்) தேர்வைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நானே எழுதித் தேறிய தேர்வு என்பதால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

24 மணி நேரத் தேர்வு என்கிறார்களே, அவ்வளவு நேரம் உட்கார்ந்து என்னதான் செய்வார்கள்?
– கல்லூரி மாணவர், ஈரோடு

சரியாகச் சொன்னால் 23 மணி 45 நிமிடம். அது முடிந்ததும் அறிக்கை எழுத இன்னொரு 24 மணி நேரம் தருவார்கள். பாதுகாப்புச் சோதனைக்கான டூல்கள் நிறைந்த காளி லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிப் பராமரிக்கிற ஆஃப்செக் நிறுவனம் நடத்தும் தேர்வு இது. நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கிற சமாச்சாரமே கிடையாது. வி.பி.என். என்ற பாதுகாப்பான இணைய இணைப்பு வழியாக ஆறு கணினிகளைக் காட்டுவார்கள், உள்ளே நுழைந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான் கேள்வித்தாள். மூன்று தனிக் கணினிகளுக்குத் தலா 20 மதிப்பெண்: சாதாரணப் பயனராக நுழைந்தால் 10, அங்கிருந்து நிர்வாகியின் அதிகாரத்தைப் பிடித்தால் இன்னொரு 10. மீதி மூன்றும் சேர்ந்து ஓர் அலுவலக நெட்வொர்க், அதாவது ஊழியர்களின் கணக்குகளையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி, அதற்கு 40. 2024 நவம்பரிலிருந்து இந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு சாதாரணக் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். ஓர் ஊழியரின் பாஸ்வேர்டு ஏற்கெனவே களவு போய்விட்டது, இனி திருடன் எவ்வளவு தூரம் போவான் என்பதுதான் விஷயம். கம்பெனிகளில் நிஜமாகவே நடப்பது இதுதான், அதனால் இந்த மாற்றம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. 100க்கு 70 எடுத்தால் பாஸ்.

ஆரம்பிக்கும்போது அடையாள அட்டையைக் காட்டி, வெப்கேமைச் சுற்றித் திருப்பி அறையையும் காட்ட வேண்டும். கேமராவும் ஸ்கிரீன் ஷேரிங்கும் கடைசி வரை ஓடும். எழுந்து போகலாம், சாப்பிடலாம், தூங்கலாம், கண்காணிப்பாளருக்கு சாட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

டூல்கள் எல்லாம் தெரியும், வீடியோவும் நிறையப் பார்த்தாயிற்று. ஆனாலும் பயிற்சிக் கணினிகளில் பாதியில் சிக்கிக்கொள்கிறேன். எங்கே இடிக்கிறது?
– வாசகர், திருநெல்வேலி

பெரும்பாலும் தேடுவதில்தான் இடிக்கும். தாக்குவதற்குக் கை பரபரக்கிறது, ஆனால் எதிரில் என்ன இருக்கிறது என்று முழுசாகப் பார்த்திருக்க மாட்டோம். ஒரு கணினியில் எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்று பார்க்கும் என்மேப் டூலைச் சும்மா ஓட்டினால் பரவலாகப் பயன்படும் 1000 டி.சி.பி. போர்ட்டுகளை, அதாவது கதவுகளைத்தான் அது பார்க்கும், மொத்தம் இருப்பதோ 65,535. விட்டுப்போன ஏதோ ஒரு மூலை போர்ட்டில் யாரும் கவனிக்காத பழைய வெப் அப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருக்கும், வழி அங்கேதான் இருக்கும். இன்னொரு வகைப் போர்ட்டுகளான யு.டி.பி. பக்கம் பலர் தலைவைத்தே படுப்பதில்லை. 161ஆம் போர்ட்டில், கணினிகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்க உதவும் எஸ்.என்.எம்.பி. திறந்திருந்து, எல்லாருக்கும் தெரிந்த 'பப்ளிக்' என்ற சொல்லுக்கே அது பதில் சொன்னால், அந்தக் கணினியில் ஓடும் புரோகிராம்களின் பட்டியலே உங்கள் கைக்கு வந்துவிடும். சில நேரம் அந்தப் பட்டியலிலேயே, ஒரு ஸ்கிரிப்டை இயக்கிய கட்டளையின் வாலில், பாஸ்வேர்டு அப்படியே எழுதியிருக்கும். அதை எடுத்து தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச்.சில் போட்டுப் பாருங்கள், ஒரே பாஸ்வேர்டை நாலு இடத்தில் வைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

உள்ளே போன பிறகும் இதே பொறுமைதான். லினக்ஸ் என்றால் முதலில் 'சூடோ மைனஸ் எல்' போட்டு எதை நிர்வாகியாக இயக்க அனுமதி இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள், அப்புறம் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஸ்கிரிப்டுகள். நான் தேர்வில் ஒரே வழியைக் கட்டிக்கொண்டு அழாமல், ஒன்று நகரவில்லை என்றால் அடுத்த கணினிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். திரும்பி வந்து பார்க்கும்போது முன்பு கண்ணில் படாதது படும், அதற்காகவாவது பார்த்ததையெல்லாம் எழுதி வையுங்கள்.

சாட்ஜிபிடியைக் கேட்கலாமா? மெட்டாஸ்ப்ளாய்ட்?
– வாசகர், மதுரை

ஏ.ஐ. சாட்பாட் எதுவும் கூடாது. டேட்டாபேஸ் ஓட்டைகளைத் தானே தேடித் தாக்கும் எஸ்.க்யூ.எல்.மேப் போன்ற தானியங்கி டூல்களுக்கும் தடை. தயார்நிலைத் தாக்குதல்களின் தொகுப்பான மெட்டாஸ்ப்ளாய்ட்டின் தாக்குதல் பகுதிகளை ஒரே ஒரு கணினியில் பயன்படுத்தலாம். கூகுளில் தேடலாம், உங்கள் நோட்ஸைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

எல்லாக் கணினிகளையும் பிடித்தவர்கள்கூட அறிக்கையில் கோட்டை விடுவார்களாமே, உண்மையா?
– ஐ.டி. ஊழியர், சென்னை

நிச்சயம் நடக்கும். ஒவ்வொரு கணினியிலும் 'புரூஃப்' என்றொரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். ஃபைல் இருக்கும் இடத்திலேயே, முழுமையான ஷெல்லில் (கட்டளை அடிக்கும் திரையில்) திறந்து, அதே ஸ்கிரீன்ஷாட்டில் அந்தக் கணினியின் ஐ.பி. முகவரியும் தெரிகிற மாதிரி பிடிக்க வேண்டும். பிரவுசர் வழியாகக் கட்டளை கொடுக்கும் வெப் ஷெல்லில் திறந்து காட்டினால் மதிப்பெண் கிடையாது. ஃபைலில் உள்ள எழுத்துகளைத் தேர்வு நேரம் முடிவதற்குள் தேர்வின் கன்ட்ரோல் பேனல் பக்கத்திலும் பதிய வேண்டும். அறிக்கையைப் படிக்கிறவர் நீங்கள் எழுதியதை மட்டும் பின்பற்றி அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும், அதனால் ஒவ்வொரு கட்டளைக்கும் அப்போதைக்கப்போதே படம் எடுத்துவிடுங்கள். வி.பி.என். துண்டித்த பிறகு திரும்பிப் போய் எடுக்க வழியே இல்லை. இந்த அறிக்கைக்குக் காசு கொடுக்கத்தான் நாளைக்கு கம்பெனிகள் உங்களைக் கூப்பிடும், எனவே இதை ஒப்புக்கு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தம் வருகிறது.

என் மகன் இந்தத் தேர்வுக்குப் பணம் கேட்கிறான். லட்ச ரூபாய்க்கு மேல் ஆகுமாம். கொடுக்கலாமா? விடிய விடிய முழித்திருக்க வேண்டுமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

அம்மா, உடனே கொடுக்க வேண்டாம். வல்ன்ஹப் என்ற தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் பயிற்சிக் கணினிகள் இருக்கின்றன. விடையைப் பார்க்காமல் அவற்றைத் தொடர்ந்து முடிக்கிறாரா என்று சில மாதம் பாருங்கள், முடித்தால் தாராளமாகக் கொடுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் நேர்முகத் தேர்வு வரை கூப்பிடுவார்கள், வேலைக்கு உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேர்வன்று நாலைந்து மணி நேரமாவது தூங்கச் சொல்லுங்கள், தூங்காத மூளைக்கு எதிரில் இருப்பதே தெரியாது. கரன்ட்டும் இன்டர்நெட்டும் நம் பொறுப்பு, ஆகவே இன்வெர்ட்டரும், மாற்றாக ஒரு மொபைல் ஹாட்ஸ்பாட்டும் தயாராக இருக்கட்டும்.

பழகுவதற்கு எங்கள் ஹாஸ்டல் வைஃபையையே ஸ்கேன் செய்யலாமா?
– மாணவர், கோவை

வேண்டவே வேண்டாம் தம்பி. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66இன்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. உங்கள் லேப்டாப்பிலேயே கணினிக்குள் கணினியை உருவாக்கும் வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு இரண்டு கணினிகளை உருவாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றைத் தாக்கிப் பழகுங்கள். எட்டு ஜி.பி. ரேம் இருந்தால் ஆரம்பிக்கப் போதும்.