சைனஸ் சளிக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம்?

மூக்கடைப்பு, கன்னத்திலும் நெற்றியிலும் கனம், குனிந்தால் வலி: இதை வீட்டிலேயே தணிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஐப்பசி மழை தொடங்கினாலே முகம் கனக்கும் உடல்வாகு எனக்கு. எங்கள் வீட்டில் நொச்சி ஆவியும் சுக்குக் கஷாயமும் வழிவழியாக வருபவை. ஆனாலும் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், உப்பு நீரால் மூக்கைக் கழுவுங்கள் என்றுதான் சொல்வேன். யோகப் பயிற்சியில் ஜலநேத்தி என்பது இதுதான். காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் பரிந்துரைக்கிறார்கள்.

முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகள்தான் சைனஸ். கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்கு வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. நாம் நிமிர்ந்திருக்கும்போது அங்கே சேரும் சளி தானாக வடியாது; உள்ளே இருக்கும் நுண்ணிய மயிரிழைகள்தான் அதை மேலே தள்ளி வெளியேற்றுகின்றன. சளி பிடித்ததும் அந்தச் சின்ன வாசலைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி அடைத்துக்கொள்கிறது. மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இந்த அறையை ஒட்டியே இருப்பதால், பலருக்குப் பல்வலி போலவும் தோன்றும். உப்பு நீர் கெட்டிப்பட்ட சளியை இளக்கி வெளியேற்றுகிறது, வீக்கமும் சற்றுக் குறைகிறது.

ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு என்பது அளவு. ஒரு டம்ளருக்குக் கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல். அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு நல்லது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். வெறும் நீரை ஊற்றினால் மூக்கு சுரீரென்று எரியும், உப்பைத் தவிர்க்காதீர்கள். தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மேல்புற நாசியில் வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றுங்கள். மறு நாசி வழியே வழியும். பிறகு ஒவ்வொரு நாசியாக மெதுவாகச் சிந்துங்கள். இரண்டையும் அழுத்திப் பிடித்துச் சிந்தினால் காது வலிக்கும்.

நீர் விஷயத்தில் மட்டும் துளியும் அலட்சியம் வேண்டாம். தளதளவென்று கொதிக்க வைத்து ஆறிய நீர்தான் மூக்குக்குள் போகலாம். குழாய் நீரோ கிணற்று நீரோ நேராகக் கூடாது. 2024-இல் கேரளத்தில் குளம், ஆறு போன்ற இடங்களில் குளித்த குழந்தைகள் சிலர் மூளையைத் தாக்கும் அமீபாவால் உயிரிழந்தார்கள். அந்த அமீபா வாய்வழியே போனால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியேதான் மூளைக்கு ஏறுகிறது. பாத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்துங்கள்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். போர்வைக்குள் அந்த வாசனையோடு இருக்கும் பத்து நிமிடம் பெரிய ஆறுதல். ஆறுதல் என்று கருதிச் செய்யுங்கள், நோயை அது குறைத்துவிடாது. குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே உட்கார வைக்கவே வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது அடிக்கடி நடக்கிற விபத்து. அவர்களுக்குக் கற்பூரத் தைலமும் வேண்டாம். பெரியவர்களுக்கு நீர்க்கோவை மாத்திரை என்ற சித்த மருந்தை நீரில் உரைத்துச் சூடாக்கி, இளஞ்சூட்டில் நெற்றியில் பற்றுப் போடலாம். எனக்குத் தலைபாரம் அதில் இறங்குகிறது. மிளகு ரசம், சுக்குமல்லிக் காபி எல்லாம் தாராளமாகக் குடியுங்கள். இரவில் தலையணையைச் சற்று உயர்த்துங்கள்.

மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்தை மூன்று நாளுக்கு மேல் தொடராதீர்கள். தொடர்ந்தால், மருந்தை நிறுத்தும்போதெல்லாம் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

பெரும்பாலும் இது வைரஸால் வருவது, ஏழிலிருந்து பத்து நாளில் தணியும், ஆன்டிபயாடிக் தேவைப்படாது. பத்து நாள் தாண்டியும் குறையாவிட்டாலோ, குறைந்து வந்து மீண்டும் காய்ச்சலோடு ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு இருந்தால் அன்றே போக வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு முகம் மரத்துப்போனாலோ மூக்கிலிருந்து கருமையாக ஏதேனும் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது; 2021-இல் நாடெங்கும் பார்த்த கருப்புப் பூஞ்சை அப்படித்தான் தொடங்கியது.