ஜான்ஸ்டன் தீவு: நிரூபிக்க வேண்டியவர் யார்?

வணக்கம் ஐயா,

வியட்நாம் போரில் அமெரிக்கா காடுகளின் மீது தெளித்த களைக்கொல்லியான ஏஜென்ட் ஆரஞ்ச், பசிபிக் கடலில் உள்ள ஜான்ஸ்டன் தீவில் ஐந்தாண்டுகள் பீப்பாய்களில் கிடந்ததைப் பற்றியும், அங்கே பணியிலிருந்த அமெரிக்கப் படையினருக்குச் சில நோய்கள் வந்தால் அவை பணியால் வந்தவை என்றே கொண்டு உதவித்தொகை தர 2022ல் வந்த சட்டத்தைப் பற்றியும் நீங்கள் எழுதியதை வாசித்தேன். வியட்நாமில் தெளித்தவர்கள், தெளிப்பில் நனைந்தவர்கள் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஜான்ஸ்டனில் போரும் நடக்கவில்லை, யாரும் தெளிக்கவும் இல்லை. பீப்பாய்களை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதே தீவில் ஒரு வருடம் சமையலறையிலோ ரேடார் அறையிலோ இருந்தவருக்கு முப்பது ஆண்டு கழித்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தால், அதற்குப் பீப்பாய்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த வயதில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இரண்டும் இருக்கின்றன. ரத்தத்தைச் சோதித்து, நஞ்சு இருந்தால் கொடுப்பது, இல்லையென்றால் மறுப்பது. அதுதானே நியாயம்?

என் சித்தப்பா நம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கிலும் நாகாலாந்திலும் இருந்தார். அவருக்கும் இந்த இரண்டு நோயும் உண்டு. அவர் யாரிடமும் போய்க் கேட்டதில்லை. இன்னொன்று, ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி 2,4-டி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நாங்கள் நெல் வயலில் அடிக்கிறோம். அப்படியானால் நாங்களும் மனுப் போடலாமா? குதர்க்கமாகக் கேட்கவில்லை. ஆதாரமில்லாமல் கொடுக்கும் பணம், உண்மையில் பாதிக்கப்பட்டவரின் பங்கைக் குறைத்துவிடும் என்று தோன்றுகிறது.

கே.,
மன்னார்குடி

அன்புள்ள கே.,

குதர்க்கமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. படித்தவர்கள் பலரும் மனதில் வைத்திருக்கும் கேள்வி இது. நீங்கள் எழுதிக் கேட்டதால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வயல் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். ஏஜென்ட் ஆரஞ்ச் என்பது 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு களைக்கொல்லிகளின் சரிபாதிக் கலவை. டையாக்சின்கள் என்ற நச்சுச் சேர்மங்களில் மிகக் கொடியதான டி.சி.டி.டி. இரண்டாவது களைக்கொல்லியைத் தயாரிக்கும்போது கூடவே உண்டாகும் அசுத்தம். ஆலையில் வெப்பம் கட்டுக்குள் இல்லையென்றால் அதன் அளவு ஏறும். அமெரிக்காவில் 2,4,5-டியின் பெரும்பாலான பயன்பாடுகளை 1979ல் நிறுத்தினார்கள், 1985ல் முற்றிலும் விலக்கினார்கள். நீங்கள் அடிப்பது முதலாவது மட்டும். அதையும் வெறுங்கையோடு அடிக்காதீர்கள். ஆனால் ஜான்ஸ்டன் பீப்பாய்களில் இருந்த டி.சி.டி.டி. பிரச்சினை உங்கள் வயலில் இல்லை.

ரத்தச் சோதனையைப் பற்றி நீங்கள் சொன்னது கேட்பதற்கு மிக நியாயமாக இருக்கிறது. அதனால்தான் அது இத்தனை பேரைத் தடுத்து நிறுத்தியது. டி.சி.டி.டி. மனித உடலில் சுமார் ஏழு முதல் பதினோரு ஆண்டுகளில் பாதியாகக் குறையும். 1974ல் உடலில் புகுந்ததை 2024ல் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்கு ஒரு பாதி என்று கணக்கிட்டாலே முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அதற்குள் இறைச்சியிலும் பாலிலும் மீனிலும் இருந்து எல்லார் உடலிலும் சேரும் சிறிதளவு டையாக்சினோடு அது கலந்துவிடும். புற்றுநோய் வந்திருக்கும், அதைக் கொண்டுவந்த நஞ்சு போயிருக்கும். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் உடலில் ஒன்றும் புகவில்லை என்று ஆகாது. சோதித்தால் பயன் இருந்திருக்கும் காலம், நஞ்சு புகுந்ததை ஒட்டிய சில ஆண்டுகள். அப்போது அந்தப் படையினரின் ரத்தத்தைச் சோதிக்கும் அதிகாரம் படையிடம் இருந்தது, அவர்களிடம் இல்லை.

தீவுக்கு வருகிறேன். ஹவாயில் இருந்து தென்மேற்கே ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, கடலடிப் பவளத்தைத் தோண்டிக் கொட்டி அகலப்படுத்திய சுமார் 600 ஏக்கர் திட்டு. அதில் ஒரு விமான ஓடுதளமும் உண்டு. 1962ல் அணுகுண்டுச் சோதனை ஒன்று தோற்று ஏவுதளத்தில் புளூட்டோனியம் சிதறியது இங்கேதான். 1971ல் ஜப்பான் பக்கத்து ஒக்கினாவா தீவில் இருந்து ரசாயன ஆயுதங்களைக் கொண்டுவந்து குவித்ததும் இங்கேதான். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற இடத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பினார்கள். 1972 ஏப்ரலில் வியட்நாமில் மிஞ்சிய ஏஜென்ட் ஆரஞ்ச் சுமார் 25,000 பீப்பாய்களில் வந்து சேர்ந்தது. ஐம்பது லட்சம் லிட்டருக்கும் மேல். திறந்த வெளி, உப்புக் காற்று, இரும்புப் பீப்பாய். துரு பிடித்தது, ஒழுகியது, புதுப் பீப்பாய்களில் மாற்றி ஊற்றினார்கள், அவையும் ஒழுகின. 1977 கோடையில்தான் வல்கானஸ் என்ற கப்பலில் ஏற்றி, தீவுக்கு மேற்கே நடுக்கடலில் எரித்தார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பீப்பாய்கள் இருந்தது தீவின் வடமேற்கு மூலை. அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும், ஆகவே நாற்றமும் ஆவியும் கடல் பக்கம் போயிருக்கும். பீப்பாய்களைக் கையாண்டவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், படையினர் அல்ல. இந்த இரண்டையும் சொல்லித்தான் அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறை நெடுங்காலம் ஜான்ஸ்டன் மனுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, ‘நீ தொட்டதற்கு ஆதாரம் எங்கே’ என்று கேட்டது.

துறையின் இந்த வாதத்தை நான் ஏன் அப்படியே ஏற்பதில்லை என்பதற்கு சி-123 விமானங்களின் கதையைச் சொல்கிறேன். வியட்நாமில் களைக்கொல்லி தெளித்த விமானங்களே அவை. தெளிப்பு முடிந்த பிறகு அவற்றை ஓஹாயோ, மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா மாநிலங்களில் இருந்த ரிசர்வ் படைப் பிரிவுகளுக்குக் கொடுத்தார்கள். 1972ல் இருந்து 1982 வரை அவற்றில் பறந்தவர்களும் அவற்றைப் பழுது பார்த்தவர்களும் பிற்காலத்தில் நோயோடு வந்து நின்றபோது, காய்ந்து போன படிவு உடலுக்குள் போகாது என்று துறை சொன்னது. 1994லேயே, அருங்காட்சியகத்துக்குப் போன அப்படியொரு விமானத்தின் உட்புறத்தைத் துடைத்துச் சோதித்ததில் டையாக்சின் இருந்தது. 2015 ஜனவரியில் தேசிய அறிவியல் அகாதமியின் மருத்துவக் கழகம், அந்த விமானங்களில் வேலை செய்தவர்களுக்கு நஞ்சு தாக்கியிருக்க வாய்ப்பு உண்டு என்று அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு துறை பணிந்தது. இந்த வேலையும் போர்க்களத்தில் நடந்ததல்ல, இவர்கள் மீதும் யாரும் எதையும் தெளிக்கவில்லை.

சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி நீங்கள் கேட்டது இன்னும் ஆழமானது. ஒரு நோய் சாதாரணமாக நூற்றில் பத்துப் பேருக்கு வரும், நஞ்சு தாக்கிய கூட்டத்தில் பதினைந்து பேருக்கு வருகிறது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் ஐந்து பேர் யார்? எந்த மருத்துவராலும் பிரித்துக் காட்ட முடியாது. பதினைந்து பேரின் சர்க்கரையும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே ஒவ்வொருவராக அழைத்து ‘உன் நோய்க்கு இதுதான் காரணம் என்று காட்டு’ என்று கேட்டால், பதினைந்து பேரும் தோற்பார்கள். ஐந்து பேருக்கு அநீதி நடந்தது உறுதியாகத் தெரிந்திருந்தும் ஒருவருக்குக்கூடப் பரிகாரம் கிடைக்காது. இந்த முட்டுச்சந்தில் இருந்து வெளியே வரத்தான் 1991ல் ஏஜென்ட் ஆரஞ்ச் சட்டம் வந்தது. எந்தெந்த நோய்களுக்கு இந்த நஞ்சோடு தொடர்பு தெரிகிறது என்று அகாதமி ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது, அதை வைத்து நோய்ப் பட்டியல் உருவானது. பட்டியலில் உள்ள நோய் இருந்து, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட காலத்தில் பணி செய்திருந்தால், பணியால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். டைப் 2 சர்க்கரை 2001ல் பட்டியலுக்கு வந்தது. ரத்த அழுத்தத்துக்குத் தொடர்பு இருப்பதற்குப் போதிய சான்று உண்டு என்று அகாதமி 2018ல் சொன்னது. 2022 சட்டம் அதையும் சேர்த்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்ததாக இதைப் பார்க்க முடியாது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, 2022 சட்டம் சேர்த்த இன்னொரு இடமான தாய்லாந்து. வட வியட்நாமின் மீது குண்டு போடப் பறந்த அமெரிக்க விமானங்களில் பெரும்பங்கு உடோன், உபோன், கோராட், நகோன் பனோம் போன்ற தளங்களில் இருந்து கிளம்பின. தளத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, வேலியோரம் ஆள் மறையும் உயரத்துக்குப் புல். அந்தப் புல்லைக் கட்டுப்படுத்தக் களைக்கொல்லி பயன்பட்டதை விமானப்படையே 1973ல் ஓர் ஆய்வறிக்கையில் எழுதி வைத்தது. ஆனால் அது ரகசிய ஆவணம். ரகசியம் நீங்கிய பிறகு அதைக் காட்டித்தான் முன்னாள் படையினர் வாதாட முடிந்தது. 2010ல் துறை ஓரளவு இறங்கி வந்தது, அதிலும் வேலை வேலியோரமாக இருந்தது என்று 2022 சட்டம் வரும்வரை காட்ட வேண்டியிருந்தது. காவலரும் மோப்பநாய் நடத்தியவரும் ஒருவாறு காட்டிவிடலாம். மற்ற வேலை பார்த்தவர் எதைக் காட்டுவார்? எந்த நாள் எங்கே எவ்வளவு தெளித்தார்கள் என்ற குறிப்பு இருந்தால் அது படையின் அலமாரியில் இருக்கும். இல்லையென்றால், எழுதாமல் விட்டது படை. இரண்டிலுமே இருபது வயதில் அனுப்பிய இடத்துக்குப் போனவரின் தவறு ஒன்றும் இல்லை. அலமாரியைத் தானே பூட்டி வைத்துக்கொண்டு, வெளியே நிற்கும் நோயாளியிடம் காகிதம் கேட்பதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் சித்தப்பா இருந்த படைக்கும் இதே நெறி இருந்தது. 1982ஆம் ஆண்டு ஓய்வூதியத் தகுதி விதிகள், சேரும்போது நோய்க் குறிப்பு எதுவும் இல்லாதவர் பின்னர் நோயால் வெளியேற்றப்பட்டால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது அல்ல என்றன. 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக எழுதியது. ஒன்பது ஆண்டுப் பணிக்குப் பின் வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்டவர் அவர். பணிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு எழுதியது, அதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சித்தப்பா யாரிடமும் கேட்காதது அவருடைய குணம், அதை மதிக்கிறேன். கேட்டவர்களின் குறையாக மட்டும் அதை நாம் மாற்றிவிடக் கூடாது.

நாம் பேசும் 2022 சட்டத்தின் பெயர் பாக்ட் சட்டம், ஆகஸ்ட் 10ல் கையெழுத்தானது. அது சேர்த்த இடங்களில் எனக்கே கடினமாக இருந்தது, பசிபிக்கில் அமெரிக்காவின் வசமுள்ள குவாம் தீவு. ஜான்ஸ்டனில் பீப்பாய் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. குவாமில் ஏஜென்ட் ஆரஞ்ச் இறக்கப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2018ல் சொன்னது. அதே அறிக்கை, சோதித்த இடங்கள், சேமித்த இடங்கள் பற்றிப் பாதுகாப்புத் துறை வைத்திருந்த பட்டியல் பிழையானது, முழுமையற்றது என்றும் சொன்னது. நானே தீர்ப்பெழுத வேண்டியிருந்தால் குவாமில் தயங்கியிருப்பேன், கடைசியில் சேர்த்திருப்பேன். பட்டியலே பிழை என்று தெரிந்த பிறகு, அந்தப் பட்டியலில் பெயர் இல்லை என்பதை வைத்து யாரையும் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது.

பாதிக்கப்பட்டவரின் பங்கு குறையும் என்ற கவலைக்கு ஒரு விளக்கம். அங்கே இந்த அளவு ஊனத்துக்கு இவ்வளவு தொகை என்று சட்டமே வீதம் வைத்திருக்கிறது. தகுதி பெறுபவர் கூடினால் அரசு கூடுதலாக ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே பெறுபவருக்கு ஒரு டாலரும் குறையாது. மனுக்கள் குவிந்து காத்திருப்பு நீளும் என்பது உண்மை. அதற்கு ஊழியர்களை நியமிக்க வேண்டும், வரிசையில் நிற்பவர்களை விரட்டக் கூடாது.

எனக்கு அந்தச் சட்டத்தின் மீது இருக்கும் குறை வேறு. ஜான்ஸ்டனில் துருப்பிடித்த பீப்பாயைத் திறந்து மாற்றி ஊற்றியது ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று துறையே சொன்னதல்லவா? நஞ்சுக்கு மிக அருகில் நின்ற அவர்களுக்கு அதில் இடமில்லை, அது முன்னாள் படையினருக்கான சட்டம். வியட்நாம் மக்கள் ரசாயன நிறுவனங்கள் மீது நியூயார்க்கில் போட்ட வழக்கு 2005ல் தள்ளுபடியானது, மேல்முறையீடு 2008ல் தோற்றது, 2009ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. நீங்கள் கேட்ட ‘உண்மையில் பாதிக்கப்பட்டவரின் பங்கு’ யாருக்குப் போகவில்லை என்று பார்த்தால், முதலில் இவர்களைத்தான் சொல்வேன்.

அன்புடன்.