அப்பா ஏன் நடுராத்திரி கரைக்குப் போகிறார்? மறதி நோய்: கேள்வி-பதில்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து மறதி நோய் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கேட்பவர்களில் பலர் 'வயசானா இப்படித்தானே?' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அப்படி இல்லை. ரேஷன் கார்டை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது. முப்பது வருடமாகப் போய்வந்த ரேஷன் கடைக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நிற்பது நோய். டிமென்ஷியா என்று மருத்துவர்கள் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. விசைப்படகில் தொழில் பார்த்தவர். இப்போது ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து, 'டோக்கன் வாங்கியாச்சா, டீசல் ஏத்தியாச்சா' என்று கேட்டுக்கொண்டே கரைக்குக் கிளம்பிவிடுகிறார். போன வாரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றவரைப் பக்கத்து வீட்டுப் பையன் கூட்டிவந்தான். வெளியே பூட்டு போட்டுவிடலாமா? (மகன், பாம்பன்)

அவரை உள்ளே தனியாக விட்டு வெளியே பூட்டாதீர்கள். விழுந்தாலோ தீப்பிடித்தாலோ திறக்க ஆள் இருக்காது. அதற்குப் பதிலாக உள்தாழ்ப்பாளைக் கதவின் உச்சியிலோ அடியிலோ மாட்டுங்கள். கை பழகிய இடத்தில் தாழ்ப்பாள் இல்லையென்றால் இந்த நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் வேறு இடத்தில் தேடுவதில்லை. கதவில் ஒரு மணியும் கட்டுங்கள். வீட்டில் ஒருவர் முறை வைத்து அவர் அறையிலேயே படுத்துக்கொள்ளட்டும்.

இது பாதுகாப்புக்கு. இனி காரணத்துக்கு வருவோம். உங்களுக்கு அது அலைச்சலாகத் தெரிகிறது. அவரோ வேலைக்குக் கிளம்புகிறார். வாழ்நாள் முழுக்க அந்த நேரத்துக்கு எழுந்த உடம்பு அது. 'நீங்க தொழிலை விட்டுப் பத்து வருஷம் ஆச்சுப்பா' என்று நீங்கள் சொன்னால், அந்தச் செய்தியை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்? 'காத்து சரியில்லப்பா, இன்னைக்கு யாரும் போகல' என்று சொல்லிப் பாருங்கள். கடலோடிக்குப் புரியும் காரணம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் தடைக்காலம் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. அப்புறம் ஒரு டம்ளர் பால் கொடுத்து, வாசலில் கொஞ்ச நேரம் கூடவே உட்காருங்கள். பல நாட்களில் அதற்குள் அந்த வேகம் அடங்கிவிடும்.

ராத்திரி முழிப்புக்கு உடம்பிலும் காரணம் இருக்கும். சிறுநீர் அடிக்கடி வருகிறதா? புராஸ்டேட் வீக்கம் உண்டா? மூட்டு வலியா? மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்குகிறாரா? சாயங்காலத்துக்கு மேல் டீ குடிக்கிறாரா? இதையெல்லாம் பார்த்துச் சரிசெய்யாமல் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். பலருக்கு அது தடுமாற்றத்தைக் கூட்டி, விழ வைக்கும். பகலில் அவர் கைக்கு வேலை கொடுங்கள். கிழிந்த வலைத்துண்டு, நூல், வலை பின்னும் ஊசி போதும். பேரன் பெயரை மறந்தவரின் விரல்கள் கண்ணிக்கு அடுத்த கண்ணியைப் பிசகாமல் முடிச்சுப் போடும். கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் தங்குவதால் அது நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது.

சட்டைப்பையின் உள்ளே உங்கள் கைபேசி எண்ணை ஊசி நூலால் தைத்துவையுங்கள். டீக்கடை, ஏலம் நடக்கும் இடம், படகுக்காரர்கள், ரயில்வே கேட் ஆட்கள் என எல்லோரிடமும் அவருடைய இன்றைய புகைப்படத்தைக் காட்டி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மறைக்க இதில் ஒன்றுமில்லை. காணாமல் போனால் முதலில் கடற்கரையில் தேடுங்கள். அதே நிமிடத்தில் 112-க்கும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கும் சொல்லுங்கள். ஒரு நாள் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பது தவறான எண்ணம்.

கேள்வி: அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தனுஷ்கோடியில் இருந்தவர். புயலில் தங்கையை இழந்தவர். இத்தனை வருடம் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். இப்போது காற்று பலமாக அடித்தால் 'தண்ணி வருது, புள்ளைய தூக்கு' என்று அலறுகிறார். எப்படிப் புரியவைப்பது? (மகள், தங்கச்சிமடம்)

புரியவைக்க முயல வேண்டாம். மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர், புதிய நினைவுகளைத்தான் முதலில் அழிக்கும். நேற்று நடந்தது போய்விடும், 1964 டிசம்பர் 22 ராத்திரி அப்படியே இருக்கும். நடுவில் கடந்துபோன வருடங்கள் உதிர்ந்துவிட்டதால், அவருக்கு அந்தப் புயல் இப்போது அடித்துக்கொண்டிருக்கிறது. 'அதெல்லாம் முடிஞ்சுபோச்சு' என்றால் நீங்கள் ஆபத்தை அறியாமல் பேசுகிறீர்கள் என்றே நினைப்பார்.

கையைப் பிடித்துக்கொண்டு, 'நாம மேட்டுல இருக்கோம்மா. எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. நான் உங்ககூடத்தான் இருக்கேன்' என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். தங்கையைப் பற்றிக் கேட்டால் பேச விடுங்கள், அழட்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு முன்னேற்பாடு வேண்டும்: படபடக்கும் தகரத்தையும் ஜன்னலையும் இறுக்கிக் கட்டுவது, கரண்ட் போனால் உடனே எரியும் ஒரு விளக்கு, புயல் செய்தி ஓடும் டிவியை அணைப்பது. பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதை அவர் காதுபடப் பேச வேண்டாம்.

கேள்வி: நான்தான் என் மாமியைப் பார்த்துக்கொள்கிறேன். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு 'இவ சோறே போடல' என்கிறார். நான் சங்கிலியைத் திருடிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார். துபாயிலிருந்து என் கணவர் பேசும்போது மட்டும் அவ்வளவு தெளிவாகப் பேசுகிறார். அவரும் 'உம்மா நல்லாத்தானே இருக்கு' என்கிறார். (மருமகள், கீழக்கரை)

இந்தக் கடிதத்தை உங்கள் கணவர் படிக்க வேண்டும், அதனால் பதிலை அவருக்கே எழுதுகிறேன்.

தம்பி, இந்த நோய் உள்ளவர்கள் போனில் பத்து நிமிடம் நன்றாகவே பேசுவார்கள். 'நல்லா இருக்கியா, சாப்டியா, எப்ப வருவே' என்பதெல்லாம் நாக்கில் ஊறிய வார்த்தைகள். அதற்கு ஞாபகம் வேண்டியதில்லை. 'இன்னைக்குக் காலைல என்ன பசியாறுனீங்க, யார் வந்தாங்க' என்று கேட்டுப் பாருங்கள். லீவில் வரும்போது நாலு நாள் உங்கள் உம்மாவை நீங்களே தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: குளிப்பாட்டுவது, ராத்திரி எழுப்புவது எல்லாவற்றையும் சேர்த்து. வைத்த இடம் மறந்துபோனால் பொருள் திருடுபோனதாக அவர் மூளை கணக்குப் போடுகிறது. எப்போதும் பக்கத்தில் இருப்பவர் மீதுதான் பழி விழும். உங்கள் மனைவி மீது பழி விழுகிறது என்றால், அவர்தான் கூடவே இருக்கிறார் என்று அர்த்தம்.

இனி உங்களுக்கு, அம்மா. தங்க நகையைக் கணவரின் உடன்பிறந்தவர்கள் முன்னால் எழுதிவைத்து லாக்கரில் போடுங்கள். கழுத்துக்குக் கவரிங் போதும். 'நான் எடுக்கல' என்று வாதாடாமல், 'வாங்க மாமி, சேர்ந்து தேடுவோம்' என்று எழுந்துவிடுங்கள். சோறு போடவில்லை என்றால் இரண்டு பிஸ்கட் கொடுங்கள். வாரத்தில் ஒரு முழுநாள் நாத்தனாரோ கொழுந்தனாரோ வந்து பார்க்க வேண்டும். நீங்கள் கேட்பது உதவி இல்லை, அவர்கள் கொடுக்க வேண்டிய பங்கு.

கேள்வி: நோன்பு வைப்பேன் என்று உம்மா பிடிவாதம் பிடிக்கிறார். சுகருக்கு மாத்திரை போடுகிறவர். (மகன், பெரியபட்டினம்)

நோயாளிக்கும் தள்ளாத முதியவருக்கும் மார்க்கத்திலேயே சலுகை உண்டு. பதிலுக்கு ஏழைக்கு உணவளிக்கும் வழியை உங்கள் ஆலிம் சொல்வார். மாத்திரையைப் போட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கும், தண்ணீர் இல்லாமல் குழப்பமும் கூடும். பகலில் நேரத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் சத்தமில்லாமல் கொடுங்கள். நோன்பு திறக்கும்போது எல்லோரோடும் உட்கார்ந்து கஞ்சி குடிக்கட்டும். அவர் கேட்பது அந்தக் கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம்.

கேள்வி: அப்பத்தா சாயங்காலமானால் கத்துகிறார், அடிக்க வருகிறார். பேய் பிடித்திருக்கிறது, ஏர்வாடியில் கொண்டுபோய்த் தங்கவையுங்கள் என்கிறார்கள். இப்போதைக்குக் கட்டிலோடு சேலையால் கட்டிவைத்திருக்கிறோம். (பேரன், சாயல்குடி)

இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். நம் மாவட்டம் அதை மறக்கக் கூடாது. மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. நினைவாற்றல் கடுமையாகக் கெடுவதும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. சேலையும் ஆபத்துதான்: படுக்கைப்புண் வரும், திமிறும்போது கழுத்தில் சுற்றும்.

வேண்டுதலுக்குத் தர்காவுக்குப் போய்வாருங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் அவரை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். மருத்துவத்தையும் நிறுத்தாதீர்கள். பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள். ஒன்று மட்டும் உடனே யோசித்துச் சொல்லுங்கள்: இது சில நாட்களுக்குள் திடீரென்று வந்ததா? அப்படியானால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். அது அவசரம், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கடல்பாசி எடுக்கும் வேலை செய்த, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மறதி என்று கூட்டிவந்தார்கள். வழக்கமான 30 மதிப்பெண் பரிசோதனையில் பாதிகூட வரவில்லை. நோய் என்று முடிவு செய்யலாமா? (மருத்துவர், மண்டபம் பகுதி)

அந்தத் தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள், டாக்டர். வாக்கியம் எழுது, ஐங்கோணம் வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போனவருக்கு உரியவை. பிறையைப் பார்த்து நீவாடு (கடல் நீரோட்டம்) சொல்லத் தெரிந்த பெண், பேனா பிடிக்காததால் நோயாளி ஆகிவிடமாட்டார். படிப்பு குறைந்த முதியோருக்கென்று 10/66 என்ற பன்னாட்டு மறதி நோய் ஆய்வுக்குழு செய்த முறைகளில் வீட்டாரின் வாக்குமூலத்துக்குப் பெரிய இடம் உண்டு. சென்னையும் வேலூரும் அதில் பங்கேற்றவை.

மகளைத் தனியாக உட்காரவைத்து, 'மூன்று வருடம் முன்பு செய்து, இப்போது முடியாமல் போனது என்ன?' என்று கேளுங்கள். பாசி விற்ற காசை எண்ணி வாங்குகிறாரா? மீன் குழம்பில் உப்பை இரண்டு தரம் போடுகிறாரா? மகளிர் குழுக் கூட்டத்து நாள் தெரிகிறதா? அப்புறம் காதையும் கண்ணையும் பாருங்கள். மனச்சோர்வும் மறதி வேஷம் போட்டு வரும். ரத்த அணுக்கள், சர்க்கரை, சோடியம், கால்சியம், கிரியேட்டினின், தைராய்டு, பி12 பார்த்துவிடுங்கள். சில வாரங்களுக்கு முன் பாறையில் வழுக்கி விழுந்திருந்தால், அல்லது நடை தடுமாறிச் சிறுநீரும் தானாகப் போனால், ஸ்கேன் எடுக்க இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூளை உறைக்குள் ரத்தக்கசிவு, மூளையில் நீர் கோத்தல் இரண்டுக்குமே வழி உண்டு.

மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். சளிக்குக் கொடுத்த குளோர்பெனிரமின், தூக்கத்துக்குக் கொடுத்த அமிட்ரிப்டிலின் இரண்டுமே மறதியைக் கூட்டும். டோனெபெசில் தொடங்குவதானால் முதலில் நாடித்துடிப்பைப் பாருங்கள், 5 மில்லிகிராமில் ஆரம்பியுங்கள். அது நோயைத் திருப்பாது, சிலருக்குச் சில காலம் தாங்கிப் பிடிக்கும் என்பதை வீட்டாரிடம் அப்படியே சொல்லுங்கள். மனச்சிதைவுக்கான மாத்திரைகளை அமைதிப்படுத்த எழுதும்முன் பலமுறை யோசியுங்கள். மறதி நோயுள்ள முதியவர்களில் அவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. உருவங்கள் தெரிகின்றன என்று சொல்லி, கைகால் விறைப்பும் இருந்தால் ஹாலோபெரிடால் பக்கமே போக வேண்டாம். அது மறதி நோயில் லூயி பாடி என்கிற வகையாக இருக்கலாம்.

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், நோய் ஆரம்பக் கட்டம். நிலத்துக்கு என் பெயரில் பவர் வாங்கி வைத்தால் போதும்தானே? (மகன், இராமநாதபுரம்)

போதாது. கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் பவர் பத்திரத்தின் அதிகாரமும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சொத்து விஷயத்தில் முடிவெடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்ப் பாதுகாவலராக நியமனம் கேட்க வேண்டியிருக்கும். அப்பாவுக்குத் தெளிவு இருக்கும்போதே, அவர் விருப்பப்படி உயில் எழுதிப் பதிவு செய்யட்டும். சுயநினைவோடு எழுதினார் என்று அன்றைய தேதியில் மருத்துவச் சான்றும் வாங்குங்கள். வங்கிக் கணக்கை, இருவரில் எவரும் எடுக்கலாம் என்கிற கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். உடன்பிறந்தவர்களை உட்காரவைத்தே இதைச் செய்யுங்கள்.

கேள்வி: சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது. (மனைவி, தொண்டி)

படுத்தபடி ஊட்டாதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடை கொஞ்சம் கீழே பார்க்க, சின்னச் சின்ன வாயாக ஊட்டுங்கள். விழுங்கிவிட்டாரா என்று பார்த்துத்தான் அடுத்த வாய். குழைந்த சாதம் கொடுங்கள். மீனென்றால் நீங்களே விரலால் பிசைந்து முள் பார்த்த பிறகு மட்டும். தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி சுலபமாக இறங்கும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். புரையேறிய பின் காய்ச்சலோ இளைப்போ வந்தால் நுரையீரலுக்குள் போயிருக்கலாம், காத்திருக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா? (மகன், தேவிபட்டினம்)

அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் வந்திருந்தால் உங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். நேரடியாக மரபில் இறங்கும் வகை மிகவும் அபூர்வம், அது இளவயதிலேயே வரும். மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு நோய் வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-இல் லான்செட் ஆணையம் சொன்னது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடி, தனிமை, காது கேளாமை எல்லாம் அதில் உண்டு. நம் பக்கத்தில் யாரும் கண்டுகொள்ளாதது காதுதான். வருடக்கணக்கில் டீசல் எஞ்சின் பக்கத்தில் நின்றவருக்குக் காது மந்தமாவது தெரியாமலே நடக்கும். உங்களுக்கு நாற்பது தாண்டிவிட்டதென்றால், மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் உங்கள் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். காதுப் பரிசோதனைக்கு இந்த மாதமே ஒரு நாள் ஒதுக்குங்கள்.