மீன் எங்கே பிடிபட்டது என்று பதிவு செய்வதால் நாட்டுப்படகு மீனவருக்குக் கூடுதல் விலை கிடைக்குமா?

நாகை, வேதாரண்யம் கரைகளில் ஃபைபர் படகில் தொழில் செய்பவர்களை முன்வைத்துக் கேட்கப்பட்ட இக்கேள்விக்கு, கிடைக்கக்கூடும், ஆனால் தானாகக் கிடைக்காது என்பதே என் பதில்.

ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல், இறக்குமதியாகும் கடல்மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ், அதாவது அது சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று காட்டும் ஆவணம், கேட்கிறது. இந்தியாவில் அதைக் கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் சரிபார்த்து உறுதி செய்கிறது. சிக்கல் தொடங்குவது கரையில்தான். கோடியக்கரை சீசனில் நாட்டுப்படகின் செவுள் வலையில் சிக்கிய நண்டும், விசைப்படகின் இழுவை மடியில் வந்த நண்டும் ஏலம் முடிந்தவுடன் ஒரே ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டால், எது எவருடையது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆகவே படகின் பதிவெண், வலையின் வகை, பிடித்த இடம், நாள் ஆகியவற்றை எழுதிய சீட்டு, எடை போடும்போதே பெட்டியோடு சேர வேண்டும். முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட்டாக வேண்டியவருக்கு அந்தச் சீட்டும் வெறும் தாள்தான். கூட்டுறவுச் சங்கக் கடன் முதலில் வர வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

சினை நண்டைக் கடலிலேயே விட்டுவிடும் கட்டுப்பாட்டை ஊர்ப் பஞ்சாயத்து விதித்தால் அதையும் சீட்டில் சேர்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் இருப்பதால் இழுவை மடி மீன் கலக்காது; பதிவைப் பழக்கத்துக்குக் கொண்டுவர அதுவே எளிதான பருவம்.