நாட்டுக்கோழி குஞ்சுக்கு வீட்டுல இருக்கிற தானியம், கீரைய வச்சே தீவனம் போடலாமா?

கொடைக்கானல் மேல்மலைல பூம்பாறை பக்கம் முப்பது குஞ்சு வச்சிருக்கீங்க, கேழ்வரகும் கீரையும் மட்டும் போதுமான்னு கேட்டிருக்கீங்க. மொத மாசம் போதாதுங்க. குஞ்சுக்கு 20 சதவீதம் புரதம் வேணும், கேழ்வரகுல 7 தான் இருக்கு, வயிறு ரொம்பும் ஆனா எறகு சரியா வராது, அதனால மொத நாலு வாரம் ஸ்டார்ட்டர் தீவனத்த (கடையில விக்கிற குஞ்சுத் தீவனம்) நிறுத்தாதீங்க, கூட ஒரு கைப்பிடி கேழ்வரகு குருணை, பொடியா நறுக்குன முருங்கைக்கீரை போடுங்க (மேல்மலைல முருங்கை வராது, கீழ வத்தலக்குண்டு போறப்ப வாங்கி நிழல்ல காயவச்சு பொடி பண்ணி வச்சுக்கலாம்).

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மக்காச்சோளம், கடலைப்புண்ணாக்குன்னு மாத்துங்க. புண்ணாக்குல தான் பயமே. நம்ம ஊரு ஈரத்துக்கு மூட்டைய தரையில வச்சா சீக்கிரமே பூசணம் புடிச்சிரும். ஒரு தடவ நான் உடைச்சுப் பாத்தேன், வெளிய நல்லா இருந்துச்சு, உள்ள பச்சையா தூள் மாதிரி படிஞ்சு ஒரு மக்குன வாடை. அந்தப் பூசணத்தோட விஷம் கல்லீரல அடிச்சிரும், வேகவச்சாலும் போகாது, தூக்கிப் போட்டுருங்க. சோயா போட்டா கண்டிப்பா வறுத்துத்தான் போடணும், பச்சையா போட்டா புரதம் செரிக்காது. வேகவைக்காத பீன்ஸ் கொட்டையும் ஆகாது.

முக்கியமா, பட்டர்ஃப்ரூட் (அவகேடோ) பழம், இலை, தோல் எதுவும் குஞ்சு பக்கமே போகக்கூடாது, பறவைக்கு அது நெஞ்ச அடிக்கிற விஷம். பச்ச நெறமான உருளைக்கிழங்கு, அதோட முளையும் விஷந்தான். கேரட் தழை தாராளமா போடலாம், ஆனா மருந்தடிச்ச தோட்டத்துதுன்னா வேண்டாங்க.