கை நடுங்காத தராசு

கேள்வி: மளிகைக் கடையில் 8 வருடமாக வேலை பார்க்கிறேன். பருப்பைத் தராசுத் தட்டில் சற்று உயரத்திலிருந்து கொட்டி, எண் நிலைக்கும் முன்பே எடுத்துவிடுவேன். கிலோவுக்கு 20, 30 கிராம் குறையும். முதலாளி சொல்லித்தான் ஆரம்பித்தேன். முதல் மாதம் கை நடுங்கியது. இப்போது அவர் இல்லாதபோதும் செய்கிறேன். வாங்குபவர் கவனிக்காமல் போனால் உள்ளுக்குள் ஒரு குஷி. எனக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை. இது அவ்வளவு பெரிய தப்பா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புத் தம்பி, என்னைத் தூக்கிவாரிப்போட்டதே அந்த 'ஒரு பைசா லாபமில்லை'தான். வயிற்றுக்காகத் திருடுகிறவன் வயிறு நிறைந்தால் நிறுத்தக்கூடும். ருசிக்காகச் செய்பவன் எங்கே நிறுத்துவான்? நாளை 30 கிராம் சப்பென்று ஆகிவிடும், 50 கேட்கும்.

வட ஆப்பிரிக்காவில் 354-இல் பிறந்த புனித அகுஸ்தினார், பதினாறாம் வயதில் கூட்டாளிகளோடு நள்ளிரவில் போய் ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கினார். சுமை சுமையாக அள்ளிவந்து, ஓரிரண்டைக் கடித்துவிட்டு, மீதியைப் பன்றிகளுக்கு வீசினார்கள். அதைவிட நல்ல பேரிக்காய் அவரிடமே இருந்தது! திருட்டுதான் இனித்தது. நாற்பதைக் கடந்து கிறிஸ்தவ ஆயராக (பிஷப்) ஆன பிறகும் அது அவரை உறுத்தியது. பக்கம் பக்கமாக எழுதினார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றும் எழுதினார்.

அதனால் கேட்கிறேன்: கடை அடைத்த பிறகு டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டா? உண்டென்றால் அந்தப் பேச்சை இன்றே விடுங்கள். பாதி குஷி அங்கேதான் ஊறுகிறது.

வள்ளுவர் 'களவின்கண் கன்றிய காதல்' என்கிறார் (குறள் 284). களவின்மேல் முற்றிப்போன அந்த ஆசை தீராத துன்பம் தரும் என்கிறார். உங்களுக்கு இன்னும் முற்றவில்லை. முற்றியிருந்தால் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

முதலாளியிடம் 'இனி என் கையால் முடியாதுண்ணே' என்று சொல்லத்தான் வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. வேறு கடை ஒன்றை விசாரித்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஆனால் எடையை நாளைக்கே சரியாகப் போடுங்கள். தினமும் 100 கிராம் பருப்பு வாங்க ஒரு பாட்டியாவது வருவார். எண் நிற்கும்வரை காத்திருங்கள். மேலே ஒரு கை கொசுறு போட்டு, அதற்கான காசை உங்கள் சட்டைப் பையிலிருந்து கல்லாவில் போடுங்கள். அவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். இத்தனை நாள் தராசை மட்டும்தானே பார்த்திருப்பீர்கள்?

பழைய கை நடுக்கம் திரும்பி வந்தால் மறுபடியும் எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்காகக் காத்திருப்பேன்.