மார்கழிக் குளியலும் ஒரு தெர்மாகோல் துண்டும்

அன்புள்ள சார்,

ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்தோம். முனிர்க்காவில் வாடகை வீடு. நான், மனைவி, நான்கு வயது மகள், 67 வயது அம்மா. எங்களுக்கு இது முதல் குளிர்காலம். ஆயில் ஹீட்டர் வாங்கலாமா, புளோயரா? ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை) எத்தனை கிலோவில் எடுப்பது? இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. மற்ற ஏற்பாடுகளை முடித்துவிட்டேன். ஜன்னல் இடுக்குகளில் ஃபோம் டேப் ஒட்டியாயிற்று. பாத்ரூம் 5க்கு 6 அடி. அதற்குள் வீட்டு ஓனர் மாட்டிய கேஸ் கீசர் இருக்கிறது. அங்கே வென்டிலேட்டர் வழியாகக் குளிர்காற்று ஊசியாகக் குத்தியது, தெர்மாகோல் வெட்டி அடைத்துவிட்டேன். மார்கழி பிறந்ததிலிருந்து அம்மா நாலரைக்கே எழுந்து குளித்துவிட்டு மலை மந்திர் போகிறார். மூன்று நாளாகக் குளித்து வந்ததும் தலை சுற்றுகிறது என்கிறார். ஆக்ஸிமீட்டரில் 98 காட்டுகிறது. குளிருக்கு பிரஷர் மாத்திரையைக் கூட்ட வேண்டுமோ? குளிர்கால ஏற்பாடுகளுக்கு ஒரு முழுப் பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

ஆர்., புது தில்லி

அன்புள்ள ஆர்.,

பட்டியல் அப்புறம். முதலில் எழுந்து போய் அந்தத் தெர்மாகோலைப் பிடுங்குங்கள். இதை உங்களுக்குத் தனி அஞ்சலில் நேற்றே எழுதிவிட்டேன். இங்கே பொதுவில் போடுவதற்குக் காரணம், இதே தெர்மாகோல் இன்னும் எத்தனையோ பாத்ரூம்களில் இருக்கிறது. குளிர்காலத்தில் எதையெல்லாம் மூட வேண்டும் என்று சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. எதை மூடக் கூடாது என்று எழுத வேண்டுமென நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

ஹீட்டர் எதுவானாலும் சரி. ஆயில் ஹீட்டர் மெல்லச் சூடேறி மெல்ல ஆறும், குழந்தை தூங்கும் அறைக்கு அது நல்லது. 2000 வாட் எதையும் 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ஒயர் உருகும். மின்சார ஹீட்டர் அறையின் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அதில் எதுவும் எரிவதில்லை. காற்று சூடாகும்போது ஈரப்பதம் குறைகிறது, அதனால்தான் தொண்டை வறள்கிறது.

கேஸ் கீசர் அப்படியல்ல. அதற்குள் எரிவது அடுப்பு. சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டி என்பதால் நமக்கு அது அடுப்பாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் சாதாரண கேஸ் கீசர், சமையலறை பர்னர் ஐந்தாறை ஒன்றாக ஏற்றியதற்குச் சமம். மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் எரிக்கும். ஒரு கிலோ எல்பிஜி முழுதாக எரிய சுமார் 13 கன மீட்டர் காற்று வேண்டும். உங்கள் பாத்ரூம் 5க்கு 6, உயரம் 8 அடி என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருப்பது 7 கன மீட்டர்கூட இல்லை. கால் மணி நேரம் கீசர் ஓடினால் அதில் ஏறக்குறைய பாதிக் காற்று தீக்குப் போகிறது. பாதி தீரும்வரைகூடத் தீ காத்திருக்காது. ஆக்ஸிஜன் கொஞ்சம் குறைந்ததுமே அரைகுறையாக எரியத் தொடங்கி, கார்பன் மோனாக்சைடைக் கக்கும்.

அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு கால் தொய்யும். ‘மயக்கம் வருகிறமாதிரி இருந்தால் கதவைத் திறந்து வந்துவிடலாமே’ என்பார்கள். தாழ்ப்பாள் வரை கை எழும்பாது என்பதுதான் இதில் கொடுமை.

இப்போது உங்கள் 98க்கு வருகிறேன். ஆக்ஸிமீட்டர் ஒளியை வைத்துக் கணக்குப் போடும் கருவி. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்ஸிஜன் ஏறியதும் அதன் கண்ணுக்கு ஒரே சிவப்பு. எனவே இந்த விஷயத்தில் அந்த 98க்கு மதிப்பில்லை. மாத்திரையைக் கூட்டும் யோசனையைக் கைவிட்டு, அம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ‘கேஸ் கீசர் உள்ள மூடிய பாத்ரூமில் குளித்ததும் தலை சுற்றுகிறது’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் பரிசோதனையைக் கேளுங்கள். சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரத்தில் அளவு பாதியாகக் குறைந்துவிடும். காலையில் சுற்றிய தலைக்கு மாலையில் ரத்தம் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் ரத்தக்குழாய் விரிந்து பிரஷர் இறங்கியும் தலை சுற்றும், அதையும் மறுக்கவில்லை. எது என்று டாக்டர் சொல்லட்டும். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து முடிவுகட்ட வேண்டாம்.

அம்மாவின் நேரத்தையும் யோசித்துப் பாருங்கள். மார்கழியும் தில்லியின் கடுங்குளிரும் ஒரே மாதத்தில் விழுகின்றன. மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர் ஐஸாக வரும், சூடேற கீசர் கூடுதல் நேரம் ஓடும். வீடே தூங்கும் நாலரை மணிக்கு, தாழிட்ட கதவுக்குள், அறுபத்தேழு வயதில் ஒருத்தி தனியாக நிற்கிறார். திருநெல்வேலியில் கிணற்றடியிலோ முற்றத்துக் குழாயடியிலோ குளித்து வளர்ந்தவர் என்றால், குளிக்கிற இடத்தில் காற்று இல்லாமல் போகும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? தோன்ற வேண்டியது உங்களுக்கு. பட்டியல் போட்டு வேலை செய்கிற ஆள், கீசர் பெட்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையையும் ஒருமுறை வாசித்திருக்கலாம்.

சரியான தீர்வு ஒன்றுதான்: கீசர் பாத்ரூமை விட்டு வெளியேற வேண்டும். பால்கனியிலோ திறந்த ஷாஃப்ட் பக்கமோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். குழாய் சிபிவிசியாக இருக்கட்டும். வெள்ளை பிவிசி சூட்டில் நெளிந்து மூட்டில் ஒழுகும். ஓனர் இழுத்தடித்தால் 25 லிட்டர் மின்சார கீசருக்கு மாறுங்கள். 60 டிகிரியில் வைத்தால் முக்கால் மணிக்குள் தயார். பச்சைத் தண்ணீர் கலந்து இரண்டு பக்கெட்டுக்கு மேலேயே வரும். தில்லித் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டி துருப்பிடிக்காமலிருக்க கீசருக்குள் வைத்திருக்கும் மெக்னீசியம் ராடைக் கரைவதற்குள் மாற்றாவிட்டால் தொட்டி ஓட்டையாகும்.

அதுவரை ஒரே வழி. பாத்ரூம் கதவையும் வென்டிலேட்டரையும் திறந்து வைத்து, உள்ளே யாரும் இல்லாமல் இரண்டு பக்கெட் நிரப்புங்கள். ஏழெட்டு நிமிடம் ஆகும். கீசரை அணைத்து சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்கள். ஐந்து நிமிடம் காற்றாடட்டும். பிறகு அம்மா மக்கால் மொண்டு ஊற்றிக் குளிக்கட்டும். கீசர் ஓடும்போது ஆள் உள்ளே நிற்கக் கூடாது. தாழ்ப்பாள் போட வேண்டாம், வெளியே கைப்பிடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் போதும். கூச்சப்படுவார். நீங்கள் சொன்னால் கேட்காவிட்டால் மருமகளைச் சொல்லச் சொல்லுங்கள்.

‘எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டால் போதாதா?’ என்று அடுத்த கடிதம் வரும். போதாது. காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவின் கீழே நான்கு விரல் இடைவெளியோ காற்று நுழையும் துளைத் தகடோ இல்லாமல் ஃபேன் மட்டும் சுற்றினால், புகைபோக்கி வைத்த கீசரில் வெளியே போக வேண்டிய புகையையே அது திரும்ப உள்ளே இழுக்கும். 20 நிமிடத்தில் தானே அணையும் மாடல்களும் உண்டு. அந்த டைமர் எண்ணுவது நிமிடத்தை, அறையில் மிச்சமுள்ள காற்றை அல்ல. தீ நீலமாக எரியாமல் மஞ்சள் அடித்தால் கீசரை அணைத்துவிட்டு, மறுபடி ஏற்றாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி பாத்ரூமுக்கு வெளியே, படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள். உள்ளே மாட்டினால் நீராவியில் கெடும். புகை அலாரம் வேறு, இது வேறு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

கூப்பிட்டு பதில் இல்லையென்றால் கதவை உடையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து 112ஐ அழையுங்கள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டும் காபி கலந்துகொண்டும் நேரத்தைப் போக்காதீர்கள். தேவை ஆக்ஸிஜன்.

அங்கீட்டி என்கிற கரி அடுப்புக்கும் இதே சட்டம்தான். வாசலில் காவலாளி கரி மூட்டிக் குளிர்காய்வதைப் பார்த்து மகளின் அறைக்கு அதைக் கொண்டுவரும் யோசனை வந்தால், கனல் சாம்பல் பூத்த பிறகும் அந்த வாயு வந்துகொண்டே இருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

படுக்கையறை ஜன்னல் டேப் இருக்கட்டும். தில்லிக் காற்று கெட்டுக் கிடக்கும் நாட்களில் விடியலிலும் இரவிலும் மூடி, பகல் 12 முதல் 3 வரை, புகைமூட்டம் சற்று மேலேறும் நேரத்தில் திறங்கள். வெளிக்காற்று மோசம் என்பதற்காக பாத்ரூமை அடைப்பதில் அர்த்தமே இல்லை. ரஜாய் ஒருவருக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ பஞ்சு போதும். துவைக்காதீர்கள், வெயிலில் போடுங்கள்.

மாவுக்கு உளுந்தைச் சற்றுக் கூட்டி, வெந்தயம் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரையுங்கள். ஓவனைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் வையுங்கள். 14, 16 மணி நேரம் ஆகும். மூடியை இறுக்க வேண்டாம்.